கையை வீசி நடக்கும் மலை

அங்கம்மாவுக்கு,

சுக்குத் தண்ணி பிளாஸ்க்கில் இருக்கிறது. பிரஷர் மாத்திரையைப் பக்கத்திலேயே வைத்தாயிற்று. இதை எழுதுவது உன் வீட்டுக்காரன் மாடசாமி இல்லை. அவனோடுதான் நீ முந்தாநாளிலிருந்து பேசுவதில்லையே. அவன் சொல்லச் சொல்ல வேறொருத்தன் எழுதுகிறான்.

தினம் அரை மணி நேரம் நடந்தால் மனப்பாரம் குறையும், தூக்கம் வரும் என்றார் டாக்டர். “முப்பது வருஷம் கொழுந்துக் கூடை சுமந்து ஏறின மலை. இப்ப சும்மா வேற ஏறணுமா லா?” என்று நீ கேட்டாய். மாடசாமி சிரித்துவிட்டான். அது தப்பு என்று எழுதச் சொன்னான். இரண்டு தடவை எழுதச் சொன்னான்.

நேற்றுக் காலை அவன் மட்டும் தேயிலைப் பாதையில் நடந்தான். மூன்றாவது வளைவில் பனி சுவர் மாதிரி நின்றதாம். மகள் கே.எல். பட்டணத்துக்குப் போனதிலிருந்து மனசில் கிடந்த கவலையைக் கழற்றி அதில் மாட்டினானாம். பனி அதைச் சுமந்துகொண்டு மெல்ல லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் இறங்கி, முட்டைக்கோசு லோரியில் ஏறி, ஈப்போவுக்கே போய்விட்டதாம். திரும்பி வரும்போது அவன் கால் தரையில் படவே இல்லையாம். செருப்பில் சேறு இல்லை, நானே பார்த்தேன்.

உன் கவலைக்கும் அங்கே இடம் இருக்கிறதாம். எட்டு மணிக்குள் வா, வெயில் வந்தால் பனி கலைந்துவிடும். கோயில் மேட்டில் நிற்பான். சாவி ஆணியில்.

கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

வாசலில் தொங்கிய உன் பழைய கூடையைத் தேடாதே. மாடசாமி முதுகில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். நீ கையை வீசிக்கொண்டு வா.