அந்தக் கட்டை

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், மேலே படி. ஃபோன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். லிஃப்ட் மோட்டார் ரூமில் நின்று நின்று உன் அப்பாவுக்கு ஒரு காது போனதிலிருந்து இந்த வீட்டில் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான், அவருக்குத் தெரியாமல் உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியாது. இது அவருக்குத் தெரியக் கூடாது. நாங்கள் அங்கே வர டிக்கெட் எடுக்கும் நேரத்தில் அப்பா ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று நீயும் விடாமல் கேட்கிறாய், நானும் மூட்டு வலி என்று மழுப்பிக்கொண்டே இருக்கிறேன். மூட்டுக்கு ஒன்றும் இல்லை. நேற்றுகூட கடைவரை நடந்தே போய் பல்பு வாங்கி வந்தார்.

குட்டிக்கு அவர் செய்த உயர நாற்காலியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. குட்டி தானாக உட்காருகிறாள் என்று நீ சொன்ன மறுநாளே உன் பழைய கட்டிலைப் பிரித்துப் போட்டுவிட்டார், நல்ல தேக்கு சும்மா கிடக்கிறது என்றார். அதற்குப் பிறகு பால்கனி எனக்கு இல்லை, துணி காயப் போட்டால் துணியெல்லாம் மரத்தூள். லிஃப்ட் மெக்கானிக் நாற்காலி செய்தால் எப்படி இருக்கும், யோசித்துக்கொள். பத்துக் கிலோகூட இல்லாத குழந்தைக்கு, எட்டுப் பேர் ஏறினாலும் தாங்குகிற மாதிரி கால் வைத்தார், நாலு காலும் கீழே அகன்று நிற்கும், யார் வந்து இடித்தாலும் சாயாது. பிள்ளை விரல் மாட்டுகிற இடுக்கு எங்காவது இருக்கிறதா என்று என் சுண்டு விரலை இரவல் வாங்கி ஒவ்வொரு சந்திலும் விட்டுப் பார்த்தார். தட்டுப் பலகையை எப்படியும் கடிப்பாள் என்று வார்னிஷ் பூசவில்லை, உப்புத்தாள் போட்டு இழைத்து இழைத்து எண்ணெய் தடவினார், கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார் என்று என்னையே கூப்பிட்டார். கடைசியில் குட்டி எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி, உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, பயப்படாதே குட்டி தாத்தா இருக்கேன் என்று மூட்டையோடு பேசிக்கொண்டே நாற்காலியைப் பிடித்து உலுக்கினார், நான் சிரித்து மாளவில்லை. ஆணி ஒன்றுகூடக் கிடையாது, நாலு ஆப்பைத் தட்டினால் கழன்று பெட்டிக்குள் அடங்கிவிடும். கையோடு கொண்டுவந்து உன் வீட்டில் பூட்டித் தரவேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. இதை உனக்குச் சொல்லத்தான் அன்றைக்கு ஃபோன் போட்டார், பாதி சொல்வதற்குள் குட்டி அழுகிறாள் என்றாய், சரிப்பா அப்புறம் பார்க்கலாம் என்று ஃபோனைக் கீழே வைத்தாய். வைத்தாயே தவிர அது கட் ஆகவில்லை.

நீ மாப்பிள்ளையிடம் சொன்னது எங்கள் ஹால் முழுக்கக் கேட்டது. "அந்தக் கட்டையக் கொண்டாந்து இங்க எங்க வைக்கிறது? நாம நடக்கவே இடம் இல்ல. ஒரு தடவ வந்துட்டா அப்புறம் நகத்தவும் முடியாது, போன்னு தள்ளவும் முடியாது." மாப்பிள்ளை சிரித்தார். அப்புறம் குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம், குட்டி என்னவோ மழலை பேசியது. அப்பா அதுவரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்தினார். அவராகவே "நாற்காலியத்தான் சொல்றா" என்றார். யாரும் கேட்காமல் அவர் அதைச் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

உனக்குத் தெரியாதா, அவர் தன்னையே கட்டை என்றுதான் சொல்வார். இந்தக் கட்டைக்குக் காப்பி உண்டா, கட்டை கொஞ்சம் சாயட்டும், இந்தக் கட்டை இருக்கிற வரைக்கும் லிஃப்ட் நிற்காது. வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று நான் எத்தனை வருஷம் திட்டியிருப்பேன். அந்த ஃபோனுக்குப் பிறகு அந்தச் சொல் அவர் வாயில் வரவே இல்லை. எனக்குக் கொஞ்சம் காப்பி வேண்டும் என்று ஆபீசுக்கு வந்த ஆள் மாதிரி கேட்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது, அடுத்த நிமிஷம் உன் மேல் ஆத்திரமாக வருகிறது. நீ பிறந்தபோது எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை, அதில் உன்னை எங்கே வைப்பது என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

நாற்காலி இப்போது இங்கே இல்லை. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கீழ்வீட்டு டெய்லர் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார். நான் சண்டை போட்டேன், என் பேத்திக்குச் செய்ததை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்றேன், செய்த பொருள் சும்மா நின்றால் அதற்கு மரியாதை இல்லை என்றார். அந்தப் பிள்ளை மகா ரௌடி, சாப்பிடும்போது ஸ்பூனால் தட்டுப் பலகையை அடிக்கிற அடி மேலே எங்கள் வீட்டுத் தரைவரை கேட்கும். சத்தம் வந்தால் போதும், உன் அப்பா டிவியைக் குறைத்துவிட்டு நல்ல காதைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். நியூஸ் ஓடினால்கூடக் குறைத்துவிடுகிறார். நான் எதற்கோ சமையலறைக்குள் போய்விடுவேன்.

இப்போது நான் கேட்கிறேன், நீ எந்தக் கட்டையைச் சொன்னாய்? நாற்காலியையா, அவரையா? நாற்காலி என்றால் ஃபோன் போட்டு அவர் காதில் விழும்படி சொல். அப்பா நாற்காலி எங்கே என்று கேள், கீழ்வீட்டுக்குப் போய்விட்டது என்பார், அப்படியானால் இன்னொன்று செய்து எடுத்துக்கொண்டு வாங்க என்று சொல். கட்டிலில் இன்னும் மரம் பாக்கி இருக்கிறது, பால்கனியில் மூடி வைத்திருக்கிறார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரைத்தான் சொன்னாய் என்றாலும் நாற்காலி என்றே சொல். எனக்கு மட்டும் நிஜத்தை எழுது, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

குட்டிக்குப் பல் வருகிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பாள், பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள், கோபத்தில் எழுதினாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் எங்களிடம் பேசி முடித்தால் ஃபோன் கட் ஆகிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே வை.

இப்படிக்கு,
உன் அம்மா