பொட்டு வைத்த வசைச்சொற்கள்

ஆயுத பூஜைக்காக அலுவலகத்தில் இன்று ஒவ்வொரு கணினிக்கும் சந்தனம் வைத்தார்கள். உன் நெற்றியில் எப்போதும் இருந்த அந்த வாசனை வந்ததும், பக்கத்து நாற்காலியில் நீ சாய்ந்து உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

இந்த ஃபேர்லேண்ட்ஸ் அலுவலகத்தில் நமக்கு வாய்த்தது ஒரு விசித்திரமான வேலை. வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் எழுதும் கெட்ட வார்த்தைகளைத் தேடி நீக்க வேண்டும். அதற்கு முதலில் அவை புரிய வேண்டுமே! நாம் படித்த ஆங்கிலப் பாடத்தில் யாரும் யாரையும் திட்டியதில்லை. அதனால் நீ ஒரு நோட்டுப் போட்டாய். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அதை யார் யாரிடம் சொல்லலாம் என்ற குறிப்பு, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். ‘பின்புறத்து வலி: தொல்லை பிடித்த ஆள். மேலாளரிடம் சொல்லக்கூடாது, மேலாளரைப் பற்றிச் சொல்லலாம்.’ அதைப் படித்துச் சிரித்ததில் எனக்கு டீ மூக்கில் ஏறியது. “மெல்லச் சிரி புள்ள, அந்த வலி இங்கதான் வருது” என்றாய்.

மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். ஒரு மாதம் கழித்து உன் அம்மாவைப் பார்க்க உங்கள் ஊர் இளம்பிள்ளைக்குப் போனேன். உங்கள் வீட்டுத் தறி ஓடவில்லை. பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் மட்டும் தூரத்து மழை போலக் கேட்டுக்கொண்டிருந்தது. சாமி படத்தின் அடியில் உன் நோட்டு இருந்தது. அட்டையில் மஞ்சள், குங்குமம், மேலே ஒரு முழம் பூ. எனக்கு உயிரே போய்விட்டது.

“எம்புள்ள எழுதுனது. எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. என்ன எழுதியிருக்கான்னு சொல்லு” என்றார்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். உன்னைத் தவறாக நினைத்துவிடுவாரோ என்று பயம். ஆனால் உன் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் வரவில்லை. “எல்லாம் இங்கிலீஷ் கெட்ட வார்த்தைங்கம்மா. அடுத்தவங்க கண்ணுல படாம அழிக்கறதுதான் எங்க வேலைங்க.”

அவர் நோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “இதுல ரொம்பக் கெட்டது எது?”

காட்டினேன்.

“சொல்லு, நானும் சொல்றேன். ஒரு மாசமா இந்தச் சாமிய நல்லாத் திட்டோணும்னு இருக்குது. நம்ம பேச்சுல வாய் வரமாட்டீங்குது.”

சொன்னேன். சாமி படத்தைப் பார்த்தபடி அவரும் சொன்னார். இரண்டு முறை தடுமாறி, மூன்றாம் முறை சுத்தமாகச் சொன்னார். அப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன்.

அந்தச் சொல் தினமும் என் திரையில் வருகிறது. நீக்குவதற்கு முன் இப்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். எழுதியவருக்கும் யாராவது செத்துப் போயிருப்பார்களோ?