கடைசி வரியில் உன் பெயர்

அன்புள்ள நெலிடா,

பிழையைச் சரிசெய்துவிட்டேன். நான்கு வரிதான். கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலில் நான் எழுதிய 'பஸ் டிரைவர்' என்ற நிரல், உள்ளே கருவிகள் பேசிக்கொள்ளும் பாதையைக் கவனிக்கிறது. உங்கள் சுவாச மெஷினுக்குள் இருக்கும் கணினி அணையும்போது பாதையை முதலில் மூடிவிட்டு, பிறகு கருவிகளை விடைபெறச் சொல்கிறது. அவை பதிலுக்காக முடிவில்லாமல் காத்திருக்கின்றன. அரசு அலுவலகம் நடத்தும் தகுதி அதற்கு உண்டு.

மார்ச்சில் ரொசாரியோ மருத்துவமனையிலிருந்து போன் செய்தாய். "அண்ணே, சுவாச மெஷினை ரீஸ்டார்ட் பண்ணா, ஆஃப் ஆகுறப்பவே தொங்கி நின்னுடுது. பயமா இருக்கு." நான் மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "ஆஃப் ஆகப்போற மெஷினுக்கு என்னடி அவசரம், நர்ஸம்மா?" என்றேன்.

ஜூனில் நான்காம் கட்டிலில் இருந்த பெரியவருக்கு அது மீண்டும் நின்றது. அவரைப் பற்றி அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

நீதான் மெஷினைத் தவறாக அணைத்தாய் என்று வியாழக்கிழமை விசாரணை வைத்திருக்கிறார்கள். திருத்தத்தின் அடியில், பிழையை முதலில் சொன்னவர் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். உன் பெயரைப் போட்டேன். வழக்கத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: நீ என்னிடம் சொன்ன தேதி. அந்த நிரலைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் அனுப்பியாயிற்று, இனி என்னாலும் அழிக்க முடியாது. அச்செடுத்து இணைத்திருக்கிறேன், அவர்களிடம் கொடு.

தேதியைப் பார்த்ததும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விசாரணை அறை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அண்ணன்