மிஷன் வீட்டு அடுப்படி மண்

இன்று காலை, ஆய்வுகூடத்தில், நீ கேட்டுக்கொண்டே இருந்த அந்த மண்ணை நனைத்தேன். தண்ணீர் பட்டதும் எழுந்தது பார், சீல் கொழுப்பின் நெடி! இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குளிரில் உறைந்து கிடந்த மண், நேற்றுத்தான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் மணத்தது. பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.  உன்னைக் கூப்பிடத் திரும்பியும்விட்டேன்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் நாம் சேர்ந்து தோண்டிய கோடை நினைவுக்கு வந்தது. டென்மார்க்கிலிருந்து போன பாதிரிமார் கட்டிய மிஷன் வீட்டின் இடிபாடு அது. ஞானஸ்நானம் பெற்ற இனுயிட் குடும்பங்களும் அதன் ஒரு பக்கத்தில் குடியிருந்தன. நீ எலும்பு பார்ப்பவள். நான் விதையும் கரியும் பார்ப்பவள். மண் சலிக்கும் ஒரே அரிதட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினோம்.

அகழ்வுக்குத் தலைமை தாங்கியவர் நல்ல மனிதர். ஆனால் பாதிரிமார் எழுதிவைத்ததை அப்படியே நம்பினார். மதம் மாறியவர்கள் வேட்டை உணவை விட்டுவிட்டு, மிஷன் கொடுத்த பார்லிக் கஞ்சிக்கு மாறிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. நீ வெளியே குப்பைமேட்டில் கிடந்த சீல் எலும்புகளை அள்ளிக்கொண்டு வந்து காட்டினாய். “இவை மிஷனுக்கு முந்தியவை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கூடாரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் நீ பொருமினாய்.

“மனிசர் வேதத்துக்கு வரலாம். நாக்கு வருமா கா? எங்கட குடும்பத்தப் பார். மட்டக்களப்பில எத்தின தலைமுறையா சேர்ச்சுக்குப் போறம். நத்தாருக்கு மேசையில என்ன இருக்கும்? நண்டுக் கறி!”

“உதை அவரிட்டச் சொல்லாதை, சிரிப்பார்” என்றேன்.

“சிரிக்கட்டும். அடுப்படியத் தோண்டினாத் தெரியும்.”

மறுநாள் நண்டுக் கறியோடு சேர்த்து எல்லாவற்றையும் டேனிஷில் அவரிடம் ஒப்புவித்தாய். அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனாலும் நீ விடவில்லை. அந்தக் குடும்பங்கள் இருந்த பக்கத்து அடுப்படி மூலையைப் பிற்காலப் பலகைத் தளம் மூடியிருந்தது. பலகைக்கும் மிஷன் வீட்டின் கல் அத்திவாரத்துக்கும் இடையில் அகப்பட்ட மண் மிஷன் காலத்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. புறப்படுவதற்கு முதல் நாள்தான் அவர் இறங்கிவந்தார். ஆலங்கட்டி முதுகில் விழ, இருவரும் குப்புறப் படுத்து அந்த மண்ணைக் கட்டியாக வெட்டி எடுத்தோம்.

மண் கோபன்ஹேகன் வந்து உறைபெட்டிக்குள் தன் முறைக்குக் காத்திருந்தது. அதற்குள் உனக்கு நோய் வந்துவிட்டது. ஹொல்ஸ்டெப்ரோ நகரில் உன் அம்மா வீட்டில் நீ படுத்திருந்தபோது நான் உன் மருந்துகளைப் பற்றிக் கேட்க, நீ மண்ணைப் பற்றிக் கேட்டாய்.

“மண்ணுக்கு முறை வந்திட்டா?”

“இன்னும் இல்லை.”

“வரும். பாத்திட்டு எனக்குச் சொல்லு.”

அதன் முறை வந்தபோது நீ இல்லை. கேள், சொல்கிறேன். வெட்டுத் தழும்போடு சீல் விலா எலும்புகள். சிப்பி ஓடுகள். அங்கே பாறைகளில் படருமே, அந்தச் சின்னக் கறுப்புப் பழத்தின் விதைகள். அதே மண் அடுக்கில், அவற்றோடு கலந்து, கப்பலில் வந்த களிமண் புகைக்குழாய்த் துண்டுகளும் ஒரு நீலக் கண்ணாடி மணியும்! மிஷன் காலம், மிஷன் கூரை, ஆனால் அடுப்பு அந்த இனுயிட் குடும்பங்களுடையது!

அதோடு முடியவில்லை. ஐரோப்பியச் சட்டியொன்றின் உடைந்த அடிப்பாகமும் வந்தது. உட்புறம் கருகிப் பிடித்த காந்தல். நுணுக்குக்காட்டியில் வைத்தால், அந்தக் காந்தலுக்குள் ஒரு சிறிய சீல் எலும்பும் பார்லி மணிகளும் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. நீகூட இதை எதிர்பார்க்கவில்லை. பார்லியை அவர்கள் ஒதுக்கியிருப்பார்கள் என்றுதானே சொன்னாய்? ஒதுக்கவில்லையடி. தங்கள் சட்டிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்!

நான் போட்ட கூச்சலில், கிரீன்லாந்திலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் ஆவியாயா ஓடிவந்தாள். அவளும் குனிந்து பார்த்தாள். பிறகு டேனிஷில் சொன்னாள்: “இது எங்கள் சூப். சீல் இறைச்சியோடு பார்லி போட்டு அம்மா இன்றைக்கும் இப்படித்தான் காய்ச்சுகிறாள்.” இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அது சீல் கொழுப்புத்தானா என்ற சோதனையின் முடிவு வர இன்னும் நாளாகும், ஆனால் நெடி முந்திக்கொண்டுவிட்டது.

தலைவரை வரச்சொன்னேன். நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அவள் சொன்னது சரி. அறிக்கையில் அவள் பெயர் முதலில் வரட்டும்” என்றார்.

பின்னேரம் உன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அப்ப, பிள்ள சொன்னது சரிதானா?”

“ஓம் அம்மா. சரி.”

 “நீ சாப்பிட்டயா மகள்?” என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு.

ஒரு சனம் முழுதாக மாறிவிட்டது என்று எங்கே வாசித்தாலும் இப்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அவர்கள் வீட்டுச் சாம்பலை ஒருமுறை அள்ளிப் பார்க்க வேண்டும்போல் கை துருதுருக்கிறது. அந்தத் துருதுருப்பு உன்னுடையது. அதை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.