வெளியேறு என்ற சொல்

மாப்ள, இன்று ஆகஸ்ட் பதினைந்து அல்லவா? கேம்பில் ஆளுக்கொரு லட்டும் குச்சியில் ஒட்டிய காகிதக் கொடியும் கொடுத்தார்கள். கொடுத்தவன் உன்னை ஊருக்கு விரட்டிய அதே மேனேஜர். நெய் வாசம் மூக்கில் ஏறியதும் முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. இதைப் பார்த்துச் சிரிக்கவாவது நீ இருந்திருக்க வேண்டாமா?

நீ இருந்தபோது, இந்தச் சவுதி தம்மாம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு வந்தால், குழாயில் வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். ரூமில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டு என்னோடு கம்பி கட்ட வந்தவன் நீ. சாப்பாட்டுத் தட்டோடு ஆரம்பிப்பாய். "வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டான். இவன் உப்பையே குடிக்கக் குடுக்குறான். எவன்டா மோசம்?"

சிரிப்போம். நீ விடமாட்டாய். முதலில் கோட்டுப் போட்ட வக்கீல்கள் பணிவாக மனுப் போட்டார்களாம், ராணிக்கு விசுவாசம் என்று வேறு எழுதி. அது குப்பைக்குப் போன பிறகுதான் சீமைத் துணியை எரித்தார்கள், சட்டத்தை மீறி உப்புக் காய்ச்சினார்கள். அதற்கும் அடி விழுந்த பிறகே வெளியேறு என்றார்கள். "எடுத்த உடனே யாரும் சுதந்திரம் கேக்கலடா. கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விசயம். அதையும் குடுக்காமத்தான் அவன் கெட்டான்."

நாமும் அப்படியே செய்தோம். நல்ல தண்ணீர் கேட்டு ஃபோர்மேனிடம் கெஞ்சினோம். "பானி மாஃபி, யல்லா", தண்ணீர் கிடையாது, கிளம்பு என்று விரட்டினான். மெஸ் சோற்றைத் தொடாமல் கிடந்தோம். பிறகு ஒரு காலை யாருமே சைட் பஸ்ஸில் ஏறவில்லை.

"அடுத்தது வெளியேறுதானே? இது அவன் ஊருடா, எவனை வெளியேறச் சொல்லுவ?" என்று கேலி செய்தேன்.

"அங்கதான் மாப்ள இடிக்குது" என்று தலையைச் சொறிந்தாய்.

மறுநாளே உன் பாஸ்போர்ட்டில் ஃபைனல் எக்ஸிட், ஒரேயடியாக வெளியேறு என்று குத்தினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாய்: "நாம சொல்ல வேண்டியத அவன் முந்திக்கிட்டான் பாத்தியா." மேனேஜரும் சேர்ந்து சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

நீ போன பிறகு கேம்புக்கு நல்ல தண்ணீர் லாரி வந்தது. உன் வீட்டுக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன். அதற்குள் உனக்கு இரண்டு கிட்னியும் போயிருந்தன. தண்ணீரை அளந்துதான் தரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த முறை கூப்பிட்டபோது நீ போய்ச் சேர்ந்திருந்தாய். உன் மனைவி அழுதாள். "தண்ணி வந்துருச்சுன்னு நீங்க சொன்னதச் சொன்னேண்ணே. சிரிச்சாக. அப்ப எனக்கும் ஒரு வாய் குடுன்னாக. நான் குடுக்கலண்ணே."

இங்கே நான் வயிறு முட்டக் குடிக்கிறேன், மாப்ள. உன் தாகம் போகமாட்டேன் என்கிறது.