வஜீதாவின் படிப்புச் செலவு யார் தலையில்?

மேல்விஷாரம்,
ஜூன் 1934

ரங்கூனில் இருக்கும் என் அருமை மகன் சத்தாருக்கு, அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன்.

உன் தங்கை வஜீதா பிரசவம் பார்க்கப் படிப்பதற்கு வேலூர் போய்விட்டாள்! போன மழைக்காலத்தில் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி வாஹித் பாஷாவின் மருமகளுக்கு வேலூர் போகும் வழியில் வண்டியிலேயே குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. கூடப் போயிருந்த வஜீதா அன்றைக்கே இந்தப் படிப்பில் பிடிவாதமாகிவிட்டாள். செலவுக்கு உன் அத்தா முதலாளியிடம் போய் நின்றார். அவரோ, நான் கட்டறேன், ஆனா ஏழு வருஷம் ஊரைவிட்டுப் போவமாட்டேன்னு எழுதிக் குடுக்கணும் என்றார். அத்தாவுக்கு ரோசம் வந்து, என் பொண்ணு கட்டுப்பட மாட்டா, நானே கடன் வாங்கிக்கிறேன் என்று திரும்பிவிட்டார். கடன் கொடுக்கத்தான் ஆள் இல்லை. வஜீதா சாப்பாட்டையே தொடவில்லை.

போன வாரம் முதலாளி வீட்டு விருந்தில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. பெண்கள் நாங்கள் திரைக்குப் பின்னால் இருந்தோம். திடீரென்று முதலாளியின் பீவி ஜஹீருன்னிசா உரக்கச் சொன்னாள்: "இன்னாங்க இது பேஜாரு? ஷாப்புல ஆளுக்கு வேலை பழக்கற செலவு ஷாப்போடது தானே? புள்ள பெக்கறது நாங்க, அவ கத்துக்கிட்டா பொழைக்கறது எங்க உயிரு. அதுக்கு அவ அப்பன் எதுக்குக் கடன் வாங்கணும்?" படிச்சிட்டு வேற ஊருக்குப் போய்ட்டா என்று முதலாளி இழுத்தார். "நல்ல சம்பளமும் மரியாதையும் குடுத்தா அவ ஏன் போறா? கால்ல கயிறா கட்டுவீங்க?" என்றாளே பார்க்கணும்! நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அதோடு விட்டாளா உன் தங்கை? நான் பீடி சுத்தற காசு வீட்டுக்கு நின்னுடுமே மாமி, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க என்று மெல்லக் கேட்டாள். திரைக்கு இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. முதலாளியும் சிரித்துவிட்டு, அதுவும் என் கணக்குதான், எழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்று ஒப்புக்கொண்டார்.

இன்று காலை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து அத்தாவைப் பிடிக்க முடியவில்லை. தெருவில் யார் இருமினாலும், என் பொண்ணு வரட்டும், பாத்துக்கலாம் என்கிறார். பிரசவத்துக்குத்தான் படிக்கப் போயிருக்கிறாள் என்றால் காதில் ஏறவில்லை.

நீ தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். நாடி பார்க்க உன் தங்கைக்கு நல்ல கைக்கடிகாரம் ஒன்று அனுப்பு. விலையைக் கூசாமல் எழுது, அதுவும் முதலாளி கணக்குதான்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பில்கிஸ்