திரும்பிப் பார்க்காத பிள்ளை

அல்சூர்
12 ஜூன் 2023

அன்புள்ள ஆஞ்சலா அக்காவுக்கு,

அனுஷாவைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வருவதற்குள் நான் கம்பெனி வண்டியில் ஏறிவிடுகிறேன். நான் திரும்பும்போது நீங்கள் ஜோகுபாளையத்து வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். போனில் சொல்வது இருவருக்குமே பாதி மறந்துபோகிறது. இனி இப்படி எழுதி ஃப்ரிட்ஜ் மேல் வைக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அனுஷாவுக்கு இருபது மாதம் ஆகிறது. டிவி, போன் எதுவும் காட்ட வேண்டாம். இன்டர்நெட்டில் பார்த்து லிஸ்ட் போட்டிருக்கிறேன். காலையில் கலர் அட்டைகள், பெயர் சொல்லிக் காட்டுங்கள். பிறகு படப் புத்தகம். சாயங்காலம் பாட்டு. ரகுவின் நண்பர் குழந்தை இதே வயதில் நாற்பது வார்த்தை பேசுகிறதாம். இவள் 'ம்மா'வைத் தாண்டவில்லை. நீங்கள் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதுதான் எனக்குத் தைரியம்.

அன்புடன்,
ஷோபா


26 ஜூன் 2023

ஷோபாம்மாவுக்கு ஆஞ்சலா எழுதுவது.

பாப்பா நன்றாகச் சாப்பிட்டாள். கலர் அட்டையைக் கடித்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அட்டையில் அவளுக்கு மனம் போகவில்லை. அதனால் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கலந்து கொட்டி, பிரித்து வைக்கச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. டப்பாக்களுக்குச் சரியான மூடி தேடிப் போடுகிறாள். ஒரு கிண்ணத்துத் தண்ணீரை ஸ்பாஞ்சில் நனைத்து மறு கிண்ணத்தில் பிழிகிறாள். தரை ஈரமானது, துடைத்துவிட்டேன். ரகு சாரின் சாக்ஸ் எல்லாம் ஜோடி சேர்ந்து அலமாரியில் இருக்கிறது. அது உங்கள் மகள் வேலை.

கைக்கும் கண்ணுக்கும் இப்படி ஒரு ஒழுங்கு இந்த வயதில் நான் பார்த்ததில்லை.

ஆஞ்சலா


7 ஆகஸ்ட் 2023

ஷோபாம்மாவுக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பாலர் பள்ளியில் ஒரு விளையாட்டு வைப்போம். பிள்ளைக்குப் பின்னால் நின்று டம்ளரில் ஸ்பூனால் தட்டினால், சத்தம் எங்கே என்று தேட வேண்டும். பாப்பா தேடவே இல்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குக்கர் மூடி தரையில் விழுந்தபோது மட்டும் திரும்பினாள். அது சத்தத்துக்கா, தரை அதிர்ந்ததற்கா என்று சந்தேகமாக இருக்கிறது.

ரகு சாரிடம் சொன்னேன். "அதெல்லாம் நல்லா கேக்குது ஆஞ்சலாம்மா, அவளுக்கு மூட் வந்தாத்தான் திரும்புவா" என்றார். இருக்கலாம். ஆனாலும் காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

ஆஞ்சலா


9 ஆகஸ்ட் 2023

ஆஞ்சலா அவர்களுக்கு,

அனுஷா பிறந்தபோதே எல்லாச் சோதனையும் செய்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. அவள் பேசாததற்குக் காரணம், நாள் முழுக்க வெங்காயத்தோடு உட்கார வைத்ததுதான் என்று நினைக்கிறேன். நான் கொடுத்த லிஸ்டைச் செய்யாமல் என் குழந்தையிடம் குறை தேடியிருக்கிறீர்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் ப்ளே ஸ்கூல் போகிறாள். அதுவரை நான் லீவு போட்டிருக்கிறேன். இன்று முதல் நீங்கள் வர வேண்டாம். உங்கள் குடையையும் செருப்பையும் சம்பளக் கவரையும் இந்தக் கடிதத்தோடு வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து மேலே வராதீர்கள். பார்த்தால் அவள் அழுவாள்.

ஷோபா


அல்சூர்
20 அக்டோபர் 2024

அன்புள்ள ஆஞ்சலா அக்காவுக்கு,

உங்கள் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. ஜோகுபாளையத்து வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு எல்லம்மாதான் சந்தாபுராவில் உங்கள் மகள் வீட்டு முகவரியைக் கொடுத்தார்.

அனுஷாவுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்பதில்லை. பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது என்கிறார்கள். ப்ளே ஸ்கூல் மிஸ் அவளை அடங்காத பிள்ளை என்றார். வேறு ஸ்கூலுக்கு மாற்றினேன். அங்கேயும் அதே பேச்சு. மூன்று வயது முடிகிற நேரத்தில்தான் டாக்டரிடம் போனோம். "யாராவது முன்னாடியே கவனிச்சாங்களா?" என்று அவர் கேட்டார். ரகு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன் அக்கா. அந்த அறையில்கூட என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதுவதற்கு முன்பே நான் பார்த்திருக்கிறேன். ஆபீஸிலிருந்து வந்து வாசலில் நின்று கூப்பிடுவேன். அவள் திரும்ப மாட்டாள். நாள் முழுக்க விட்டுவிட்டுப் போகிற அம்மா மேல் கோபம் என்று நினைத்து பாத்ரூமில் போய் அழுவேன். பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. காது கேட்கவில்லை என்று நம்ப முடியவில்லை. நீங்கள் எழுதியதும் அந்தப் பயமெல்லாம் உங்கள் மேல் கோபமாக வந்துவிட்டது.

இப்போது இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம், வீட்டுச் சாமான்களை வைத்தே விளையாடச் சொல்கிறார். மூடி, ஸ்பாஞ்ச், வெங்காயம். அவர் சொல்லச் சொல்ல என்னால் தலை நிமிர முடியவில்லை. பதினாலு மாதம் போய்விட்டது.

மறுபடி வருவீர்களா அக்கா?

ஷோபா


சந்தாபுரா
4 நவம்பர் 2024

ஷோபாம்மாவுக்கு ஆஞ்சலா எழுதுவது.

ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம். கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பாப்பாவுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன்.

பழியெல்லாம் உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு ஜூலை முதல் வாரத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. முன்பு ஒரு வீட்டில், பிள்ளைக்குப் பார்வை குறை என்று சொல்லி வேலையை இழந்தவள் நான். அதனால் வாயைத் திறக்கவில்லை. தரையைத் தட்டினால் பாப்பா திரும்புவாள். அதையே விளையாட்டாக்கி ஒரு மாதம் கடத்தினேன். எழுதிய பிறகாவது வந்து கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் வர முடியாது. பஸ் தூரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது காரணம் இல்லை. அன்றைக்கு வாட்ச்மேன் ரெமிஜியஸ் செருப்பை நீட்டினபோது மேலே பால்கனியில் பாப்பா நின்றாள். நான் கூப்பிட்டேன். கேட்காது என்று தெரிந்தும் கூப்பிட்டேன். அந்தக் கேட்டைத் தாண்டி வர எனக்குக் கால் வராது ஷோபாம்மா.

பாப்பாவுக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஆஞ்சலா


அல்சூர்
11 நவம்பர் 2024

அன்புள்ள ஆஞ்சலா அக்காவுக்கு,

ரகுவின் போனில் நீங்களும் அவளும் இருக்கிற படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கி அவளிடம் காட்டினேன். தன்னையே தொட்டுக் காட்டிச் சிரித்தாள். உங்களைக் காட்டி யாரென்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

ஞாபகம் இருக்கிறது என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் விஷயத்தில் இன்னொரு பொய் வேண்டாம் என்று கிழித்துவிட்டேன். விடைபெறக்கூட விடாமல் உங்களை அனுப்பியது நான்தான்.

நேற்று அந்த டாக்டரிடம் தனியாகப் போய், முன்பே ஒருவர் கவனித்துச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் உங்கள் பெயர் கேட்டார். சொன்னேன். அனுஷாவின் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

இனி உங்களை வரச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

ஷோபா